டர்ன் டௌன் என்றால்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? போன கடிதத்தில் "மற்றவை பின்பக்கம்" என்று எழுதிவிட்டு, பின்பக்கத்தை வெறுமையாகவே அனுப்பியிருந்தீர்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வரவர உங்கள் கடிதம் சுருங்கிக்கொண்டே போகிறது. பெரிய பதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் போலிருக்கிறது. அத்தானையும் பையன்களையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மகள் வந்து சேர்ந்துவிட்டாள். படிப்பை முடித்தாயிற்று, வேலை கிடைக்கும்வரை என்னோடு இருக்கட்டும் என்று அண்ணன் பஸ் ஏற்றிவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தில் என் பெண் எது என்று தேட வேண்டியிருந்தது, அக்கா. அண்ணியை "அம்மா, வா, போ" என்கிறவள், என்னிடம் "ங்க" போட்டுப் பேசுகிறாள். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "இங்க பாருங்க", "கேக்குதா" என்று சமாளிக்கிறாள். சாப்பிட்ட தட்டை உடனே கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள், விருந்தாளி மாதிரி. பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி, சிரிக்காதீர்கள். நான் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். ஓட்டலில் எங்கள் மாடிக்கு ஒரு சூப்பர்வைசர் போடப் போகிறார்களாம். "வாயத் திறந்து பேசறவங்களுக்குத்தான் அந்த வேலை" என்று புது மேனேஜர் சொல்லிவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்து மேஜை துடைத்த பிறகு, ஊழியர் சாப்பாட்டு அறையிலேயே வகுப்பு. நேற்று மிஸ் போர்டில் "டர்ன் டௌன்" என்று எழுதி, "இதுக்கு யாருக்கு அர்த்தம் தெரியும்?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டேன்.

"எனக்குத் தெரியும் மிஸ். சாயங்காலம் ரூமுக்குப் போய், மேல் விரிப்ப எடுத்துட்டு, போர்வை ஓரத்த முக்கோணமா மடிச்சு விட்டு, திரைய இழுத்து, தலகாணி மேல சாக்லேட் வைக்கிறது."

சமையலறை ஆட்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "சரிதான், அது ஓட்டல்காரங்க அர்த்தம். வெளிய இன்னும் நிறைய இருக்கு" என்றார். டர்ன் என்றால் திருப்புவது, டௌன் என்றால் கீழே. ஆனால் இந்த இரண்டுக்கும் கல்யாணம் ஆகிவிட்டால் என்ன பிள்ளை பிறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். ரேடியோ சத்தத்தைக் குறைத்தாலும் டர்ன் டௌன்தான், அடுப்பைத் தணித்தாலும் அதேதான். காலரை மடித்து விடுவதற்கும், பெரிய சாலையிலிருந்து சந்துக்குள் திரும்புவதற்கும்கூட அதுவே. கடைசியாகச் சொன்னது: ஒருவர் கொடுப்பதை, கேட்பதை வேண்டாம் என்று சொல்வது.

அந்தப் பாட்டுக்கார விருந்தாளி ஞாபகம் இருக்கிறாரா? பக்கத்து அறைப் பாட்டை டர்ன் டௌன் பண்ணச் சொன்னதற்கு, நான் ஓடிப்போய் அவர் கட்டிலில் போர்வையை மடித்து வைத்தேனே! நீங்கள் துணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தீர்கள். பிறகு நீங்கள்தான் எனக்காகப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்.

வேண்டாம் என்கிற அர்த்தத்தை மிஸ் சொன்னதும் எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. கடற்கரையில் நம் முதலாளியின் புது ஓட்டல் திறந்தபோது, துணி அறைப் பொறுப்புக்கு என்னைப் பெரிய மேடம் கூப்பிட்டாரே, அந்த நாள். மேடத்துக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நீங்கள் கூட வந்தீர்கள். இரண்டு அறை வீடு, குடும்பத்தோடு இருக்கலாம் என்று கேள்விப்பட்டு, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வெளியே வந்து, "உன்ன வேண்டாம்னுட்டாங்கடி, இங்கிலீஷ் தெரியாதாம்" என்றீர்கள். அப்போதே இந்த வகுப்புக்குப் போயிருக்கலாம். போகட்டும், அந்த வேலை உங்களுக்காவது கிடைத்ததே. அதை நினைத்துத்தான் நான் தேறினேன்.

மகளுக்கு அங்கே ஏதாவது வேலை இருக்குமா, பாருங்கள்.

உங்கள்
சிட்டு


ஜூன் 15

அடியே சிட்டு,

உன் கடிதத்தை அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாட்டுக்காரன் கதையில் அவருக்குப் புரையேறிவிட்டது. சூப்பர்வைசர் அம்மா, இனிமேல் உன்னிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டுமா? மிஸ் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒரு காலத்தில் நான் உனக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அப்போது கொட்டாவி விட்டாய்.

என் முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. பெரியவன் வேலைக்குப் போய்விட்டான், சின்னவன் கடலே கதி என்று கிடக்கிறான். ஓட்டல் நிரம்பி வழிகிறது. இங்கே பெட்ஷீட் காய்வதற்குள் அடுத்த விருந்தாளி வந்து நிற்கிறான்.

பழைய கதையை எதற்குக் கிளறுகிறாய்? அன்றைக்கு நீ சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான்தான் உனக்குச் சாப்பாடு ஊட்டினேன். அதையும் ஞாபகம் வைத்துக்கொள். மகள் உன்னிடம் ஒட்டவில்லை என்று வருத்தப்படாதே. பெண் பிள்ளை, தானாக வருவாள். கெஞ்சினால் இன்னும் விலகுவாள். அவளுக்கு ஒரு தோள்பை அனுப்புகிறேன், நீலம் பிடிக்குமா?

வேலைக்கு விசாரிக்கிறேன்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

பை வந்தது. மகள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பெரியம்மாவுக்கு நல்ல ரசனை" என்றாள். உங்களுக்கு உடனே முறை வைத்துவிட்டாள், பாருங்கள்!

உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். போன வாரம் ஓய்வுபெற்றவர்களுக்கு இங்கே விருந்து வைத்தார்கள். வாசலில் நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். கைத்தடி ஊன்றிக்கொண்டு பெரிய மேடம் வந்தார். உடம்பு பாதியாகிவிட்டது, கண் மட்டும் அதே கண். நானே போய், "என்னை ஞாபகம் இருக்கிறதா மேடம்?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"அடடா, நீ பேசுவாயா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வேலை, வீடு எல்லாம் விசாரித்துவிட்டு, "உன்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. யூ டர்ண்ட் அஸ் டௌன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நோ மேடம். யூ டர்ண்ட் மீ டௌன்" என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார். என் கன்னத்தைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் இலக்கணம் படிக்க வேண்டும் பெண்ணே. கொடுத்தது நாங்கள். வேண்டாம் என்றது நீ. அப்படியென்றால் 'ஐ டர்ண்ட் யூ டௌன்' என்று சொல்ல வேண்டும்" என்று திருத்தினார். நானும் "தேங்க்யூ மேடம்" என்றேன். அன்று முழுக்கக் கட்டில் கட்டிலாகப் போய் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே விரிப்பு மாற்றினேன். எங்கே தப்பு விட்டேன் என்று புரியவில்லை.

மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன். "வேலையை நீங்க வேண்டாம்னு சொன்னாலும் டர்ன் டௌன்தான். உங்கள அவங்க வேண்டாம்னு சொன்னாலும் டர்ன் டௌன்தான். முன்னாடி யார் வராங்களோ அவங்கதான் வேண்டாம்னு சொன்னவங்க. அத மட்டும் மாத்திடாதீங்க, கதையே தலைகீழாயிடும்" என்றார்.

என் வாக்கியம் சரிதானே, அக்கா? மேடத்துக்கு வயதாகிவிட்டது, எத்தனையோ பெண்களைப் பார்த்தவர், ஆளை மாற்றி நினைத்திருப்பார். அப்படித்தான் இருக்கும். நீங்கள் அந்த அறைக்குள் இருந்தவர். நீங்கள் சொல்லிவிட்டால் என் மனதும் நிற்கும்.

சிட்டு


ஜூலை 9

சிட்டு,

வேலை தலைக்குமேல் இருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அந்த அம்மாளுக்கு இப்போது தன் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதே தெரியாது என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். யாரையோ நினைத்துக்கொண்டு உன்னிடம் பேசியிருக்கிறார். இங்கிலீஷே அப்படித்தான், முன்னால் போட்டால் ஓர் அர்த்தம், பின்னால் போட்டால் ஓர் அர்த்தம். இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொண்டு மண்டையைக் குடைந்துகொள்ளாதே.

நல்ல சேதி. எங்கள் வரவேற்பு மேஜைக்குப் பெண் எடுக்கப் போகிறார்கள். உன் மகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் வந்து தங்குங்கள். அவளுக்குக் கடலைக் காட்ட வேண்டாமா?

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதை நம்பத்தான் விரும்பினேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மகள்தான், "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "குழப்பமா இருந்தா அவங்களையே போய்க் கேட்டுட வேண்டியதுதானே" என்றாள். அவளுக்கு எல்லாம் அவ்வளவு சுலபம்.

லீவு நாளில் பழம் வாங்கிக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. எனக்கு மறந்துபோன ஆட்களின் பெயரெல்லாம் சொன்னார். மூன்றாம் மாடியில் குழாய் உடைந்து, நாம் இரண்டு பேரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் இறைத்ததைச் சொன்னார்.

பிறகு அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவர் இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"துணி அறைக்குப் பாஷை எதற்கு? கண்ணும் கையும் போதும், உனக்கு இரண்டும் இருந்தது. உன்னைத்தான் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். 'வருகிறாளா, கேட்டுச் சொல்' என்று உன் தோழியிடம் சொன்னேன். அவள் உன்னிடம் ஏதோ கேட்டாள். நீ பலமாகத் தலையை ஆட்டினாய், மாட்டேன், மாட்டேன் என்று. என் கண்ணால் பார்த்தேன். 'ஷீ இஸ் டர்னிங் இட் டௌன், மேடம்' என்றாள். ஏன் என்று கேட்டேன். ஊரில் குடும்பம் சம்மதிக்கவில்லை என்றாள். ஒரு வாரம் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். மறுபடி அவளைக் கேட்டேன். அதே பதில். அப்புறம்தான், 'சரி, நீ போகிறாயா?' என்று அவளைக் கேட்டேன்."

நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

அந்த அறையில் நீங்கள் என்னிடம் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அக்கா. ஒரு சொல் மறக்கவில்லை. "வேலைய விட்டுட்டு ஊருக்கே திரும்பிப் போயிடறியான்னு கேக்கறாங்கடி" என்றீர்கள். நான் பதறிப்போய்த் தலையை ஆட்டினேன். மாட்டேன் மேடம், மாட்டேன் மேடம் என்று தமிழிலேயே சொன்னேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அவர் எதற்கு அப்படிக் கேட்டார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்டவர் அவர் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு மேடம் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாஷை தெரியாதவள் என்று இளக்காரம் என்று நினைத்தேன். அவர் தன்னை நான் உதாசீனம் செய்ததாக நினைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் நின்றீர்கள்.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். மேடம் சொல்வது பொய் என்று எழுதுங்கள். நம்பிவிடுகிறேன். சத்தியமாக நம்பிவிடுகிறேன்.

சிட்டு


ஆகஸ்ட் 1

சிட்டு,

குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்துக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறது உன் வகுப்பு. நாலு வார்த்தை இங்கிலீஷ் வந்ததும் முதல் ஆளாக என்னிடமே திருப்பிவிட்டாய்.

நீ கையில் ஒரு துணிப்பையோடு வந்து நின்றபோது உன்னை யார் அறைக்குள் சேர்த்துக்கொண்டது? காய்ச்சலில் கிடந்தாயே, உன் மாடியையும் என் மாடியையும் யார் சேர்த்துப் பெருக்கியது? உன் அண்ணன் போன் செய்து கத்தும்போதெல்லாம் வாங்கிப் பேசியது யார்? அதெல்லாம் எந்தக் கணக்கில் போயிற்று?

சரி, கேட்கிறாய், சொல்கிறேன். நீ அப்போது எப்படி இருந்தாய் என்று உனக்கே தெரியாது. லிஃப்ட்டில் யாராவது "குட் மார்னிங்" சொன்னாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிவாய். புது ஊரில், புது ஆட்களிடம், நான் பக்கத்தில் இல்லாமல் நீ ஒரு மாதம் தாங்கியிருப்பாயா? அழுதுகொண்டே திரும்பி வந்திருப்பாய், அதற்குள் இங்கேயும் வேலை போயிருக்கும். அத்தான் அப்போது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பையன்களும் என் மாமியாரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு அறை வீடு என்று மேடம் சொன்னதும் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று நான் யோசிப்பதற்குள் நீயும் தலையை ஆட்டிவிட்டாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நாள் போகப் போக இன்னும் சொல்ல முடியாமல் போயிற்று. என் இடத்தில் இருந்திருந்தால் நீ மட்டும் என்ன செய்திருப்பாய்?

நீயும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. இப்போது சூப்பர்வைசர் ஆகப் போகிறாய்.

வரவேற்பு மேஜைக்கு இந்த மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை நேர்காணல். நானே கூட்டிக்கொண்டு போய் எல்லாரிடமும் அறிமுகம் செய்து வைக்கிறேன். என்மேல் இருக்கிற கோபத்தில் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போடாதே. அவளையாவது அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 8

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் கேட்ட ஒரு வரி அதில் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு வலிக்காது. நான் பயந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நிஜம். ஒரு மாதத்தில் அழுதுகொண்டு திரும்பி வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வழி எனக்கு இனிமேல் இல்லை. "என் பையன்கள் அடி வாங்குறாங்க, இந்த வேலைய எனக்கு விட்டுக்கொடு" என்று என்னிடமே கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அன்றைக்கு நீங்கள் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பேன். உங்களுக்கு அது தெரியும். அதனால்தான் உங்களை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, திட்டக்கூட வரவில்லை.

உங்கள் பையன்கள் மண்வீடு கட்டுகிற படம் ஒன்று அனுப்பினீர்களே, அது எங்கள் அறைக் கண்ணாடியின் ஓரத்தில் இத்தனை வருஷமாகச் செருகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் தலை வாருவேன். உங்கள் இவ்வளவு பெரிய கடிதத்தில் என் பெண் எங்கே வளர்ந்தாள், யாரிடம் வளர்ந்தாள் என்று ஓர் இடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து வைத்து அவளை உங்களிடம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மறைத்து வைத்து அவளை இங்கேயே நிறுத்திக்கொள்ளவும் மனம் வரவில்லை. "வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்கள், அதற்கு ஏற்பாடு செய்தவர் இன்னார், அவர் எனக்குச் செய்தது இது. நீ போகிறாயா?" என்று கேட்டேன். அவள் வெகுநேரம் பை வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் போனா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்" என்றேன்.

"எனக்குப் போகணும்னுதான் இருக்கு. இங்க வந்ததுலேர்ந்து எத்தன எடத்துல எழுதிப் போட்டேன், ஒண்ணும் வரல."

"அப்போ போ" என்றேன். அவள் துணிகளை நான்தான் மடித்து வைத்தேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறாள். தலைவலி வந்தால் சொல்லமாட்டாள், கதவைச் சாத்திக்கொள்வாள். தட்டிக் கேட்க வேண்டும். ஈரத் தலையோடு தூங்குவாள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இந்த இரண்டு மாதத்தில் பார்த்தது. பெண்கள் விடுதியில் இடம் சொல்லியிருக்கிறோம், உங்கள் வீட்டில் தங்கமாட்டாள்.

அவள் நன்றாக இங்கிலீஷ் பேசுவாள். நேர்காணல் அறைக்குள் அவளோடு நீங்கள் போக வேண்டாம். வெளியே நில்லுங்கள்.

இதற்குப் பதில் வேண்டாம்.


அக்டோபர் 19

சிட்டு,

பதில் வேண்டாம் என்று நீ எழுதியும், இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

நீ சொன்னபடி அன்றைக்கு நான் வெளியேதான் நின்றேன். உள்ளே அவள் பேசுவது கதவுக்கு வெளியே கேட்டது. என்ன குரலடி அவளுக்கு! ஒரு தயக்கம் இல்லை. சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு போனேன். "தேங்க்யூ, மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். வேலையில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். எதிரே வந்தால் நின்று வணக்கம் சொல்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் அனுப்பிய நீலப் பையைக் கழுவி, மடித்து, என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். தினமும் சாயங்காலம் விடுதி வாசலில் நின்று போனில் யாரிடமோ வெகுநேரம் பேசுகிறாள். உன்னிடம்தான் என்று நினைக்கிறேன். "சாப்டியா? கால நீட்டி உக்காரு" என்று அதட்டுவது காதில் விழுந்தது. அண்ணியாகவும் இருக்கலாம். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ சூப்பர்வைசர் ஆகிவிட்டாய் என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சலவைத் துணி கொண்டுவருகிற வேன் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தான் கேட்கிறார், ஏன் சிட்டுவிடமிருந்து கடிதமே இல்லை என்று. வேலை அதிகமாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

திட்டியாவது நாலு வரி எழுது.

அக்கா